அம்மி கொத்தின மூஞ்சி

விருதுநகர் ஸ்டுடியோவிலிருந்து போட்டோ வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும், யாரோ ஒருத்தி என் சேலையைக் கட்டிக்கொண்டு, என் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. சேலை அதேதான். தோளில் ஊக்கு குத்திய இடம்கூடத் தெரிந்தது. முகம் மட்டும் உரித்த முட்டை.

சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டது. நெற்றி, கன்னம், மூக்கு நுனி, மேலுதடு என்று ஓரிடம் விடாமல் தழும்பு. ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டு அந்தக் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பி மூடியிருந்தார். அதற்கு டச்சிங் என்று பெயர். கல்யாணத்துக்கு அனுப்புகிற போட்டோ என்றால் கேட்காமலே செய்துவிடுவார்கள்.

“எம் புள்ளையா இது! சினிமாக்காரி தோத்தா போ” என்றார் ஐயா.

போட்டோவைக் கேட்டு வாங்கியவள் அத்தை, ஐயாவின் அக்கா. விருதுநகரில் பருப்பு மில்லில் வேலை பார்க்கிற ஒருவருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தாள். “வெள்ளிக்கெழமை கொண்டு போய்க் காட்டிட்டு வந்துர்றேன் தம்பி. இதப் பாத்தா மறுபேச்சே கெடையாது” என்றாள்.

“அது நான் இல்லியே அத்தை.”

“நீயா இல்லாட்டி என்ன? ஒன்ன மாதிரி இருந்தாப் போதாதா?”

போதாது. அந்த முட்டை முகம் வெள்ளிக்கிழமை போகும், பிடித்துப்போகும். பிறகு அவர்கள் வருவார்கள். விளக்கு வெளிச்சத்தில், பவுடர் அப்பி, தலையைக் குனிந்து நிற்கிற என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தாலி ஏறும். மறுநாள் வெயிலில் அந்த ஆள் என்னைப் பார்ப்பான். அப்புறம் ஆயுசுக்கும் என் முகத்துக்குள்ளே அந்தப் போட்டோக்காரியைத் தேடிக்கொண்டே இருப்பான். எங்கள் தெருவில் அப்படி ஓர் அக்கா இருந்தாள். மறுவீட்டுக்கு வந்தவளைத் திரும்பக் கூட்டிப் போக ஆள் வரவில்லை. ‘ஏமாத்திக் கட்டுனவ’ என்பது அவளுக்குப் பேராகவே ஆகிப்போனது. ஏமாற்றியது பென்சில், பேர் அவளுக்கு.

எனக்கு முகம் போடத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. திருத்தங்கலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி கிடையாது, மேஜை கிடையாது, தரையில் வரிசையாக உட்கார்ந்த பெண்களும் மருந்து நெடியும், அதுதான் ஆபீஸ். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கை சும்மா இருக்காது. ஐயா சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற பிரசில் வேலை. கலர் தள்ளிப் போன ஷீட்டுகளைக் கொண்டுவருவார். முன்பக்கம் புலியின் கண் நகர்ந்து காதுக்குப் போயிருக்கும், ரோஜா தன் சிவப்பை விட்டுத் தள்ளி நிற்கும். பின்பக்கம் சுத்தமான வெள்ளை. அதுதான் என் தாள்.

கரிக்குப் பருத்திமார். கரிசல்காட்டில் பருத்தி எடுத்தபின் நிற்கிற காய்ந்த குச்சியை மண்சட்டியில் போட்டு மூடி, காற்றுப் புகாமல் சுட்டால் மெத்தென்று கரி கிடைக்கும். சுவருக்குப் பட்டை அடிக்கிற காவிக்கட்டி. வெற்றிலைச் சுண்ணாம்பு. மூன்றையும் பிடித்து வைக்க வேலம்பிசின். பல் விளக்குகிற வேலங்குச்சியின் நுனியை மென்று நாராக்கினால் பிரஷ். வேறு கலர் இல்லை. இல்லை என்பதால் யாரும் கேட்காமலும் இல்லை.

“எனக்குப் பச்சச் சேல போட்டுவுடு புள்ள” என்பாள் பக்கத்தில் உட்காருகிற அக்கா.

“பச்ச இல்லக்கா.”

“அப்பப் பச்சன்னு பக்கத்துல எழுதிரு.”

காவியில் கொஞ்சம் கரியைக் கலந்தால் எங்கள் ஆட்களின் தோல் வந்துவிடும். அதைப் பார்த்து எனக்கே திகைப்பாக இருக்கும். ரோஸ் கலரும் மஞ்சளும் போட்டு லேபிளில் சிரிக்கிற சீமாட்டிகளுக்கு எத்தனை மை வேண்டியிருக்கிறது! எங்களுக்கு மூன்று போதும். காட்டுக் கரியும் சுவர்க் காவியும் ஒரு சொட்டு சுண்ணாம்பும் சேர்ந்தால், உழைத்து வியர்த்த ஒரு நெற்றி தாளுக்குள்ளிருந்து எழுந்து என்னையே பார்க்கும்.

அன்று சாயங்காலமே என் முகத்தைப் போட உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

ரசம் போன கைக்கண்ணாடி, அகலம் ஒரு உள்ளங்கைதான். அதில் என் முகம் முழுசாக ஒரு தடவைகூட விழாது. ஒரு கன்னம் பார்த்து ஒரு கன்னம் போட்டு, கண்ணாடியை நகர்த்தி மூக்கு, மறுபடி நகர்த்தி மறு கன்னம் என்று துண்டு துண்டாக என்னை வாங்கிச் சேர்த்தேன். கண் வந்தது. வாய் வந்தது. என் பிடிவாதமான தாடை வந்தது. தழும்பு வரவில்லை. கரியைக் கூராக்கிப் புள்ளி புள்ளியாக வைத்தேன். ஆபீசுக்கு எடுத்துப் போய் அந்தப் பச்சைச் சேலை அக்காவிடம் காட்டினேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உரிச்ச முட்டைக்கு மொளகுத்தூள் தூவிட்டியே புள்ள!”

அவள் சொன்னது சரி. புள்ளி வைத்தால் மச்சம் ஆகிறது, ஈ உட்கார்ந்த மாதிரி ஆகிறது. குழி ஆகவில்லை. அழித்தேன், வைத்தேன், அழித்தேன். வீட்டில் நான் படத்தோடு மல்லுக்கட்டுவதை அத்தை பார்த்துவிட்டாள். என்ன செய்கிறேன் என்று புரிந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லா ஒரு போட்டோ கையில இருக்கு. அத விட்டுட்டு, இந்த அம்மி கொத்துன மூஞ்சிக்குப் படம் ஒரு கேடா?”

தெருவில் எத்தனையோ பேர் சொன்ன சொல்தான். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கேட்டிருக்கிறேன், கேட்டு அழுதிருக்கிறேன். அன்று அழுகை வரவில்லை. கொல்லைப்பக்கம் போனேன். அம்மி கிடந்தது. போன வாரம்தான் தெருவில் வந்த அம்மி கொத்துகிறவளைக் கூப்பிட்டு, உளியால் கொத்தி வைத்திருந்தாள் அம்மா. வழுவழுவென்று போன கல்லில் மிளகாய் அரைபடாது. மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கல்லின் மேல் படுத்துக்கொண்டு வந்தது வெளிச்சம். குனிந்து, கன்னம் கல்லில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

குழி கறுப்பு இல்லை! வெயில் வருகிற பக்கத்து விளிம்பில் மட்டும், நகக்கண் அளவுக்குக் கொஞ்சம் இருட்டு. அதற்கு எதிர்ச்சரிவில் நூல் போல ஒரு வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் கல்லின் நிறம், வேறொன்றும் இல்லை. அம்மி முழுக்க அப்படியே, ஒவ்வொரு கொத்தும் தன் பங்கு வெயிலைக் கையில் ஏந்திக்கொண்டு கிடந்தது. எல்லோரும் ஏசினீர்களே, ஒருத்தராவது இந்த அம்மியைப் பார்த்தீர்களா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்து அந்தச் சாய்வு வெயிலிலேயே உட்கார்ந்தேன். கரியால் பிறை மாதிரி ஒரு கீற்று, எதிரே சுண்ணாம்பால் அதைவிடச் சன்னமாக ஒரு கீற்று. அந்த இடத்தில் தாள் குழிந்து உள்வாங்கியது. அவசரத்தில் ஓரிடத்தில் மாற்றிப் போட்டுவிட்டேன், வெளிச்சம் இந்தப் பக்கமும் இருட்டு அந்தப் பக்கமுமாக. குழி இருக்க வேண்டிய இடத்தில் கொப்புளம் எழும்பி நின்றது. அம்மை மறுபடி வந்து என் கன்னத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அது அடங்கிக் குழியாயிற்று. அடுத்த நாளும் அதே வெயிலுக்குக் காத்திருந்து மிச்சத்தைப் போட்டேன். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை.

வியாழக்கிழமை படத்தை ஐயா முன்னால் விரித்தேன். “போட்டோவோட இதுவும் போகணும். இல்லைன்னா ரெண்டும் போக வேண்டாம்.”

ஐயா படத்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். “உண்மையச் சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்கு புள்ள.”

“தாலி கட்டுன பெறகா?”

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “இத நான் தூக்கிட்டுப் போக மாட்டேன் தம்பி. எம் மானம் போயிரும்.”

அம்மா எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை விட்டு எழுந்து வந்து, ஒரு கையில் போட்டோவும் ஒரு கையில் படமுமாக வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே கிடந்தவள் அவள்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது குரல் வேறாக இருந்தது.

“மாரியாத்தா எம் புள்ளைக்குக் கண்ணைக் குடுத்துட்டு, வந்துட்டுப் போன தடத்த மட்டும் மூஞ்சியில விட்டுட்டுப் போனா மதினி. இருக்கன்குடிக்கு நடந்து போயி மாவெளக்குப் போட்டு அதுக்கு நன்றி சொல்லிட்டு வந்திருக்கேன். அதப் பென்சில வச்சு அழிக்க இவுக யாரு? நீங்க தூக்க வேண்டாம். நானும் வாரேன், நான் தூக்கிக்கிர்றேன்.”

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். மஞ்சள் பையில் போட்டோ, அம்மாவின் கையில் சுருட்டிய படம். நான் ஆபீசில் குச்சி அடுக்கினேன். விரல் அடுக்கியது, மனசு விருதுநகரில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

பொழுது அடைகிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். அத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“தழும்பப் பத்தி மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணுமே சொல்லல. ‘எம் மூத்தவனுக்கும் இருக்கு, அது கெடக்கட்டும்’னுட்டா. ‘படத்த யாரு போட்டது’ன்னா. எம் மவதான்னேன். ‘அவ மூஞ்சிய அவளேவா?’ன்னா. ஆமாம்னேன்.”

“பெறகு?”

“‘கண்ணாடிக்கு முன்ன இம்புட்டு நேரம் உக்காந்திருக்கிற புள்ள அடுப்படிக்கு எப்ப வரும்’னுட்டா. எந்திரிச்சு வந்துட்டோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே ஆத்திரம் வந்தது. தழும்பு ஒரு குற்றமே இல்லையாம். தழும்போடு இருக்கலாம், குனிந்துகொண்டு இருக்க வேண்டும். தன் முகத்தைத் தானே உட்கார்ந்து நேருக்கு நேர் பார்த்தாளே, அதுதான் பொறுக்கவில்லை. சரி, அப்படியென்றால் இன்னும் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை அட்டையில் ஒட்டி, முன் அறையில், வந்தவர்கள் உட்காருகிற பாய்க்கு எதிரே ஆணி அடித்து மாட்டினேன்.

“உசுரோட இருக்குறவ படத்தச் சுவத்துல மாட்டுவாங்களா? எறக்குளா அத!” என்று ஐயா கத்தினார். செத்தவர்களையும் சாமிகளையும் தவிர எங்கள் தெருச் சுவர்களில் யாருக்கும் இடமில்லை. அவர் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் மறுபடி மாட்டிவிட்டு வேலைக்குப் போவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆணி ஓட்டை பெரிசாகிக்கொண்டே போனது. ஒரு நாள் அது மாட்டியபடியே இருந்தது. அவர் தோற்றாரா அலுத்துப்போனாரா, தெரியாது.

அடுத்த வருஷம் சாத்தூரிலிருந்து ஒரு கூட்டம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை சேவுக் கடையில் அடுப்படி வேலை பார்ப்பவர், கூட அவருடைய அம்மாவும் மாமாவும். அவர்களுக்குப் போட்டோ எதுவும் அனுப்பவில்லை. அந்த முட்டை முகத்தை நான் எப்போதோ அடுப்பில் போட்டிருந்தேன். பகலில் வரச் சொல்லுங்கள் என்று மட்டும் ஐயாவிடம் சொல்லியிருந்தேன். பகலில்தான் வந்தார்கள். ஐயா படத்தை மறைத்து உட்காரப் பார்த்தார். ஆணி உயரமாகப் போய்விட்டது அவருக்கு.

காபியோடு வந்தேன். அந்த ஆள் டம்ளரை வாங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாரு போட்டது?”

ஐயா இருமினார். “நான்தான்” என்றேன்.

“யாரு அது?”

“அதுவும் நான்தான்.”

மாமா என்கிறவர் தொண்டையைச் செருமினார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசக் கூடாது. அந்த ஆளுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. “தழும்பு கொஞ்சம் கூடப் போட்ட மாதிரி இருக்கே” என்றார்.

“கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க.”

உள்ளே அம்மா கரண்டியைப் போட்டது கேட்டது. அவர் எழுந்தார். சுவருக்குக் கிட்டே போய், நெற்றியிலிருந்து ஆரம்பித்து, விரல் படாமல் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்.

“ஏலே, உக்காருலே” என்று அவருடைய அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

உட்காரவில்லை. எண்ணிய கணக்கைச் சரிபார்க்க என் பக்கம் திரும்பினார். வெயில் ஜன்னல் வழியாக என் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் தாழ்த்தவில்லை.