அகழி மடத்துக்குப் போன மான்கறி

தர்ஸ்டனைப் பற்றி ஹோல்வெல் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவன் ஓரிடத்தில் உட்கார மாட்டான் என்பதுதான். தேவாலயத்தில் பூசை நடக்கும்போது தூணுக்குத் தூண் நகர்ந்துகொண்டே இருப்பான். பட்டாணிக் கூழை அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தபடியே குடித்து முடிப்பான். காலில் சக்கரம் கட்டியவன். அவனுக்கு வேலி கட்டும் வேலை வாய்த்தது நல்லதாகப் போயிற்று. வேலி நகர நகர அவனும் நகரலாம், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் காட்டோரத்தில் வேலி கட்டுவது வயிறு எரிகிற வேலை. ராஜாவின் மான் தாண்டி வர முடியாத உயரத்துக்கு வேலி இருக்கக் கூடாது. அது வந்து நம் பார்லியை வயிறு முட்டத் தின்னும், நாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். ஒரு கல்லை விட்டெறிந்தால் போதும், காவலர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்த ராஜா எங்கள் பக்கம் வேட்டைக்கு வந்து பார்த்தவர் யாருமில்லை. இது மானுக்குத் தெரியாது. காவலர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

தர்ஸ்டனின் மனைவி சபினா அவனுக்கு நேர் எதிர். வைத்த இடத்தில் இருப்பாள். கம்பளி நூற்க உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழ மாட்டாள். அவள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் தர்ஸ்டனின் கால் கொஞ்சம் அடங்கும். ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும். ஒரு வசந்தகாலத்தில் அவள் கையில் தணல் பட்டுத் தோல் பொசுங்கியது. அவளுக்கு வலிக்கவே இல்லை. புருவம் உதிர்ந்தது. பாதிரியார் வந்து பார்த்தார். பிறகு முறைப்படி தேவாலயத்தில் அவளை முட்டி போட வைத்து, காலில் ஒரு பிடி மண்ணைப் போட்டு, இந்த உலகத்துக்கு நீ இனி இறந்தவள் என்று சொல்லி, தொழுநோயாளர்களை வைத்திருக்கும் அகழி மடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்த மடம் பெருவழியின் ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் அகழி. வெள்ளிக்கிழமைகளில் உறவுக்காரர்கள் இந்தப் பக்கம் நின்று பேசலாம். நோயாளி காற்று வீசிப் போகும் பக்கமாக நிற்க வேண்டும், அவர் மூச்சு நம் மேல் படக் கூடாது. யாரையும் எதையும் தொடக் கூடாது. தர்ஸ்டன் ஒரு வெள்ளியையும் விட்டதில்லை. அகழி ஓரத்தில் அவன் நடந்து நடந்து அங்கே புல்லே முளைக்காமல் போயிற்று.

"நில்லுய்யா கொஞ்சம். உன்னப் பாத்துப் பேசக் கழுத்து வலிக்குது," என்பாள் சபினா.

"சாப்பாடு என்ன போடுறாங்க?"

"என்னத்தப் போடுவாங்க. ஓட்ஸ் கஞ்சி. போன வருசத்து உப்பு மீனு. அதுவும் எங்களப் பாத்துட்டு மூக்கப் பொத்திக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். வீட்டிலிருந்து எதையாவது கொண்டுபோகலாம் என்றால் அவன் வீட்டிலும் அதே கூழ்தான். ஒரு நாள் அவள் முகம் மலர்ந்திருந்தது. காட்டில் ஏதோ ஒரு மான் செத்துக் கிடந்ததாம், அதன் கறி மடத்துக்கு வந்ததாம்.

"வாயில வெச்சதும் கரைஞ்சிடுச்சுய்யா. நாலு நாளா உடம்புல தெம்பு இருந்துச்சு. ராத்திரி நல்லாத் தூங்குனேன்."

இது எங்கள் பக்கத்துச் சட்டம். மான் எங்காவது செத்துக் கிடந்தால், பார்த்தவன் கூக்குரல் எழுப்ப வேண்டும். அக்கம்பக்கத்து நான்கு ஊர்களும் வந்து, கொன்றவன் யார் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். தோலும் தலையும் ஏழைகளுக்கு. கறி தொழுநோயாளர்களுக்கு. ராஜாவின் கறியை ஆரோக்கியமான குடியானவன் தின்றுவிட்டால் நாளைக்கு அவனே அடுத்த மானைக் கொல்வான் என்று பயம். கை விரல் போனவர்களைப் பற்றி அந்தப் பயம் இல்லை.

தர்ஸ்டன் அன்று வீட்டுக்கு நேர்வழியில் போகவில்லை. வேலிகளை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்தான். எந்தச் சந்தில் மான் நுழைகிறது, எந்த முள்ளில் அதன் ரோமம் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவன் கட்டிய வேலிகளில் அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அடுத்த வாரமே ஒரு சந்தில் சணல் கயிற்றுச் சுருக்கு ஒன்று தொங்கியது.

முதல் மான் சிக்கியது. பன்றி மேய்ப்பவன் ஒருவன் பார்த்துக் கூச்சல் போட்டான். நான்கு ஊரும் கூடி, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான்கு விதமாகச் சொன்னது. கறி மடத்துக்குப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை சபினா வயிறு நிறைந்த குரலில் பேசினாள். அவன் சந்தோஷம் தாங்காமல் அகழியைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து வந்தான்.

குளிர் தொடங்கும்போது இன்னொரு மான். தவக்காலத்துக்கு முன்பு மற்றொன்று. அதற்குள் ஊரில் முணுமுணுப்பு எழுந்துவிட்டது. உழவை விட்டுவிட்டு எத்தனை தடவைதான் போய்ச் சத்தியம் செய்வது? காட்டுக் காவலர் ஜெர்வாஸ், பெரிய உடம்பும் சின்னக் கண்ணுமாக இருப்பவர், இரவில் தூங்குவதையே விட்டுவிட்டார் என்று பேச்சு.

"திருடன்னா கறியத் தூக்கிட்டுப் போவான். இவன் என்ன திருடன்?" என்று மதுக்கடையில் எல்லோர் முகத்தையும் பார்த்துக் கேட்டார் அவர். "விட்டுட்டுப் போறானே. எனக்கு இவன் மண்டைய உடைக்கிறத விட, இவன்கிட்ட உக்காந்து ஒரு வார்த்த கேக்கணும்."

தர்ஸ்டன் மதுவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். அவன் எப்போதும் அப்படித்தான் போவான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. சுருக்கை அவிழ்த்துவிடலாமா என்று வேலிக்குப் போவான். சபினாவின் கன்ன எலும்பு நினைவுக்கு வரும். திரும்பி வந்துவிடுவான். மறுபடி போவான்.

கடைசியில் மாட்டியது அவன் இல்லை, ஹாமோ. பக்கத்து வீட்டுக்காரன், பிள்ளைகுட்டிக்காரன், ஒரு ஈயைக்கூட மெதுவாகத்தான் விரட்டுவான். விடிந்து ஆடுகளை ஓட்டிப் போனவன் சுருக்கில் ஒரு பெண்மான் உயிரோடு துடிப்பதைப் பார்த்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் வந்த வழியே திரும்பியிருப்பார்கள். ஹாமோவோ, இது செத்துத் தொலைத்தால் மறுபடியும் நான்கு ஊரும் கூட வேண்டுமே, அவிழ்த்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தான். கயிறு கழுத்தை அறுத்திருந்தது. அவன் கை முழுக்க ரத்தம். மான் அவன் மடியிலேயே உயிரை விட்டது. ஜெர்வாஸ் புதருக்குள்ளிருந்து எழுந்து வந்தார்.

எங்கள் சட்டத்தில் கையில் ரத்தம் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நான்கு ஊரும் வயலில் கூடியது. விசாரிக்க வந்தவர் ஐவோ என்கிற வன அதிகாரி. குதிரையை விட்டு இறங்காமலேயே கேட்டார். ஹாமோவின் மனைவி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்று அழுதாள். ஊர் ஊராகச் சுற்றி வரும் வன நீதிமன்றம் இங்கே எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் ஏழெட்டு வருஷம்கூட வராது. அதுவரைக்கும் நகரத்துச் சிறையில் கிடக்க வேண்டும். அங்கே போய்த் திரும்பியவர்களைவிடத் திரும்பாதவர்கள் அதிகம்.

"நான் அவுத்துவிடத்தாங்க போனேன்," என்று ஹாமோ சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஊராகக் கேட்டார்கள். ஒவ்வொரு ஊரும் தலையைக் குனிந்துகொண்டது. தர்ஸ்டன் கூட்டத்துக்குப் பின்னால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தான். சொன்னால் இனி வெள்ளிக்கிழமை கிடையாது. அகழிக்கு அந்தப்பக்கம் அவள் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். சொல்லாவிட்டால் அந்த இடுப்புக் குழந்தை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"கயிறு என்னோடதுங்க," என்றான்.

ஜெர்வாஸ் திரும்பினார். "என்னடா சொன்ன?"

"எல்லாக் கயிறும் என்னோடதுதான். முடிச்சப் பாருங்க, வேலிக்கு நான் போடுற முடிச்சு."

"கறி விக்கிறியா?"

"இல்லைங்க."

"தின்னியா?"

"ஒரு துண்டு தின்னதில்லைங்க."

"அப்புறம் என்ன எழவுக்குடா?"

தர்ஸ்டன் தரையைப் பார்த்தான். "கறி எங்க போவும்னு ஐயாவுக்குத் தெரியுமே. என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா."

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஜெர்வாஸ் தன் தாடியைச் சொறிந்தார். இத்தனை நாளும் அவர் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. ஐவோ மட்டும் கறாராக இருந்தார். ஹாமோவை விடச் சொன்னார், தர்ஸ்டனைக் கட்டச் சொன்னார். இந்தக் கறியை என்ன செய்வது என்று ஜெர்வாஸ் கேட்டதற்கு, "சட்டத்துல என்ன இருக்கோ அதான். மடத்துக்கு," என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

சிறைக்கும் மடத்துக்கும் ஒரே வழி. மானையும் தர்ஸ்டனையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். கை கால் கட்டியிருந்ததால் அவன் அசைய முடியவில்லை. அதுதான் அவனுக்குச் சிறையைவிடக் கொடுமையாக இருந்தது. உடம்பு முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி நெளிந்துகொண்டே வந்தான்.

மடத்தின் பலகைப் பாலத்துக்கு இந்தப்பக்கம் வண்டி நின்றது. கறி வாங்க நாலைந்து பேர் எதிர்ப்பக்கம் வந்தார்கள், அவர்களில் சபினாவும் இருந்தாள். மானைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்தவனைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

"எத்தன மான்யா?"

"இதோட நாலு."

"நான் கேட்டேனா?"

"நல்லா இருந்துச்சுன்னியே."

 அவள் பாலத்தைத் தாண்டி வந்தாள். காவலர்கள் சிதறி ஓடினார்கள். ஜெர்வாஸ் ஈட்டியை நீட்டிக்கொண்டே பின்வாங்கினார். "ஏம்மா, நில்லு. அங்கயே நில்லும்மா."

"குத்துறதுன்னா குத்துங்க. நான் செத்து நாலு வருசமாச்சு, பாதிரியாரக் கேளுங்க."

அவள் வண்டியில் ஏறி அவன் கைக்கட்டை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்களுக்கு உணர்ச்சி இல்லை, முடிச்சு பிடிபடவில்லை. பல்லால் இழுத்தாள். அதுவும் ஆகவில்லை. கடைசியில் விட்டுவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். மடத்து ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். தர்ஸ்டன் நெளிவதை நிறுத்தியிருந்தான்.

"இப்ப எந்தச் சிறைல இவன உள்ள விடுவாங்கன்னு பாக்குறேன்," என்றாள் ஜெர்வாஸைப் பார்த்து.

 நியாயம்தான். எந்தச் சிறைக்காரன் கதவைத் திறப்பான்? வண்டியை ஓட்டக்கூட ஜெர்வாஸின் ஆட்களில் ஒருவனும் முன்வரவில்லை.  அவர் தன் கத்தியைத் தூரத்திலிருந்து வண்டிக்குள் வீசினார்.

"அறுத்துக்க. உள்ள போ. நீதிமன்றம் வர்ற வரைக்கும் இந்த அகழியத் தாண்டுன, நானே அம்பு விடுவேன்."

அவன் உள்ளே போனான். அங்கிருந்தவர்களுக்கு வேலி கட்டினான், கிணறு தூர் வாரினான், நடக்க முடியாதவர்களைச் சுமந்தான். நோய் அவனைத் தொடவே இல்லை. பல வருஷம் கழித்து நீதிமன்றம் வந்து அவன் பெயரைக் கூப்பிட்டது. தலை நரைத்த ஜெர்வாஸ் எழுந்து, அவன் இறந்துவிட்டான் என்று சத்தியம் செய்து சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். பிறகு ஜெர்வாஸ் அகழி ஓரம் வந்து, நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சத்தம் போட்டுச் சொன்னார். சபினாவைப் புதைத்து அப்போது இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. தர்ஸ்டன் அவள் மண்மேட்டருகே உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். கேட்டதாகத் தலையாட்டினான், எழுந்திருக்கவில்லை.