திருப்பத்துல ஒரு கும்பிடு

இன்னிக்குக் காலையில திருச்சானூர்ல ஷேர் ஆட்டோ ஏறினேன்.

திருப்பதி டவுனுக்குள்ள நுழையற திருப்பத்துல மலை சட்டுனு கண்ணு முன்னால வரும். ஆட்டோவுல இருக்கற அத்தனை பேரும் கும்பிடுவோம். சின்ன வயசுல நைனா மடியில உக்காந்துக்கினு போறப்ப, என் ரெண்டு கையையும் அவரே சேர்த்துப் பிடிச்சு வெப்பாரு.

இன்னிக்கும் திருப்பம் வந்துச்சு. "கோவிந்தா"ன்னு எல்லாரும் கையெடுத்தோம். எதிர்ல பச்சை வலையைப் போத்திக்கினு ஒரு புது அடுக்குமாடி நிக்குது. மலையைக் காணோம்.

பக்கத்துல பூக்கூடையோட இருந்த அக்கா, கூப்பின கையை இறக்காமலே கேட்டாங்க: "இன்னா தம்பி, சிமெண்ட்டைக் கும்பிட்டுக்கினு கீறோம்?"

டிரைவர் சொன்னாரு: "மலை அங்கியேதான் கீதுக்கா, பின்னால. கண்ணை மூடிக்கினு கும்பிடு, தெரியும்."

கட்டடத்து மேல தெலுங்குல பெரிய பேனர். ஜன்னலைத் திறந்தா மலை தரிசனமாம். ஃப்ளாட் வாங்கறவங்களுக்கு.

கேட்டுல நின்ன வாட்ச்மேன் எங்க கையைப் பார்த்துட்டு, அவரும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டாரு. பாவம், மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

நாளைக்கும் அங்க என் கை தானா எழும்பும்.

உங்க தெருவுலயாவது மலை தெரியுதா, இல்ல நீங்களும் வாட்ச்மேனைத்தான் கும்பிட்டுக்கினு கீறீங்களா?