இன்னும் கொஞ்சம் சத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளையில் கசெட்டுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பாரில் நான் வேலை செய்தபோது ஒரு பெரியவர் வந்தார். தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலிலேயே நின்று காது போனவர். அப்படியும் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார், பழக்கம் விடவில்லை.

அவர் நீட்டிய கசெட்டில் பெயர் அழிந்திருந்தது. போட்டேன். எழுபதுகளின் ஏதோ ஹார்ட் ரொக் அல்பம். யாருடையதென்று முதலாளிக்கே தெரியவில்லை. கண்ணாடி அலுமாரி நடுங்கியது.

"மகனோடதுங்க. ராவு வேல முடிஞ்சு வந்து படுப்பேன், இதப் போட்டு லயத்து வீடுகளையே அதிர வைப்பான். நிப்பாட்டுடான்னு கத்துவேன். கொழும்புக்கு வேலைக்குப் போன எடத்துல தமிழன்னு பொலிஸ்ல புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. தகவலே இல்ல. போன வாரந்தான் அவன் பெட்டியில இது கெடச்சிச்சு."

பஞ்சை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இப்பிடித்தாங்க எனக்குக் கேக்கும். இன்னும் கொஞ்சம் கூட்டுங்க, தம்பி."

எதிர்க்கடைக்காரர் ஏற்கெனவே திட்டிக்கொண்டிருந்தார். சத்தத் திருகு அதற்குமேல் திரும்பாது. திருப்புவதுபோல் கையை மட்டும் அசைத்தேன்.

"ஆங், இப்பதான் அவன் வச்ச மாதிரி இருக்கு," என்றார்.

பாட்டு ஓய்ந்தது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் எடுக்கவில்லை.