பத்து அங்குல விமானமும் பதினான்கு மாதப் படுக்கையும்

முதலில் ரத்தம் வரவில்லை. அசதிதான் வந்தது.

ராயபுரத்தில், துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். வயது முப்பத்தொன்று. கிரேன் ஏணியில் பாதி ஏறியதும் மூச்சுக்காக நின்றுவிடுவேன். சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும். விடியும்போது பனியன் நனைந்திருக்கும். நான்கு மாதம் அதைச் சளி என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது இருமினேன். துண்டில் ரத்தம். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டு முடித்தேன். இதைப் படிக்கும் யாராவது அப்படி ஒரு துண்டை மடித்து வைத்திருந்தால், இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த நான்கு மாதத்தில்தான் குழி பெரிதாகியிருந்தது.

குழி (கிருமி அரித்ததால் நுரையீரலில் உண்டாகும் ஓட்டை) இடது பக்கம், மேலே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"காசநோய். பத்து வருஷம் முன்னாடின்னா என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப ஊசி இருக்கு. ஆனா ஒரு வருஷமாவது படுக்கணும்."

"ஒரு வருஷமா? வேலை போயிடுமே, டாக்டர்."

"வேலை போனா வேற வேலை" என்றார்.

என் மனைவி தேசம்மா திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அவளுடைய அக்கா இதே நோயில்தான் போனாள். அதனால் நோயின் பெயரைக் கேட்டதும் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். மூன்று வயது மகளை அன்றே தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் செய்ததுதான் சரி என்பதும் தெரிந்தது.

காசநோய் ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருந்தது. நீண்ட வார்டு, இரண்டு பக்கமும் வராந்தா. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். கூடவே வயிற்றைப் புரட்டும் ஒரு மாவு மருந்து. மற்ற நேரமெல்லாம் படுக்கை. படுத்திருப்பது ஓய்வு என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். படுத்தே இருக்கிறவனுக்குப் புரண்டு படுப்பதும் ஒரு வேலை.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா, "கையால செய்யற வேலை ஏதாவது செய்யுங்க. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். அதுக்கு மேல கூடாது" என்றார்.

போர்க் காலத்தில் நான் ஒரு விமானத்தளத்தில் கூலியாக இருந்தேன். மெக்கானிக்குகள் இறக்கையைப் பூட்டும்போது தோள் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. ஹரிகேன் என்ற சண்டை விமானம். அதன் இறக்கை எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பது என் தோளுக்குத் தெரியும். அதைச் செய்யலாம் என்று தோன்றியது. நிஜ விமானத்தின் ஒரு அடிக்கு என் விமானத்தில் கால் அங்குலம். இறக்கை நுனிக்கு நுனி நாற்பதடி என்பது பத்து அங்குலம் ஆயிற்று.

மருந்துப் பெட்டி உடைத்த தேவதாருப் பலகை கிடைத்தது. பேனாக்கத்தியால் சீவினேன். தூள் மூச்சில் போகக்கூடாது என்று உப்புக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னார்கள். விமானி உட்காரும் இடத்துக்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும். எக்ஸ்ரே அறை ஊழியர் ஒரு பழைய படத்தைக் கொடுத்தார். வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் கறுப்பெல்லாம் வழன்று வந்து, தெளிந்த தகடு மிஞ்சும். யாருடைய நெஞ்சு அது என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் ஆசையில் இரண்டு மணி நேரம் இறக்கை சீவினேன். சாயங்காலம் ஜுரம் நூற்றிரண்டு. டாக்டரம்மா திட்டவில்லை. கத்தியையும் பலகையையும் எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு, "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கிக்கோங்க" என்று போய்விட்டார். அந்தப் பதினைந்து நாளும் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். என் உடம்பு என் சொல்லைக் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்துக் கட்டிலில் காசிம் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர், என் வயதுதான். தோல் மண்டியில் மூட்டைகளின்மேல் ஊர்ப்பெயர் எழுதுவது அவர் தொழில். பிரஷ் பிடித்த கை. விமானம் உருவானதும், "பெயிண்ட் என் வேலை, நைனா. நீ தொடாத" என்றார்.

எண்ணெய்ப் பெயிண்ட் நெடி வார்டில் கூடாது. காவியும் பச்சைப் பொடியும் கோந்தில் குழைத்து மேல்பக்கம் பூசினார். இறக்கையில் வரும் விமானப்படை அடையாள வட்டத்துக்குத் துணிக்குப் போடும் நீலம்.

"நடுவுல செவப்பு வெக்கணுமே. சினிமா கொட்டாய்ல பாத்துக்கீறேன்" என்றார்.

"நம்ம பக்கம் வந்ததுல செவப்பு கெடையாது, பாய். ஜப்பான்காரன் பிளேன்ல செவப்பு வட்டம். நம்மாளுங்களே தப்பா சுட்டுடப் போறாங்கன்னு எடுத்துட்டாங்க. வெளிர் நீலம்தான்."

"அட, கலர் பாத்தா சுடறானுங்க? பேஜாரு தொழிலுப்பா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கும் வரை பிரஷை இறக்கைக்குத் தள்ளியே பிடித்திருந்தார், ஒரு சொட்டு விழாமல்.

இடது இறக்கை வட்டத்தை முடித்தார். வலது பக்கம் அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் அவரை அறுவைக்கு அழைத்துப்போனார்கள். விலா எலும்புகள் சிலவற்றை எடுத்து, கெட்ட நுரையீரலை அமுங்க வைக்கும் அறுவை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "நீலத்த காயவுடாத, தோஸ்து. மூடி வெய்யி" என்றார்.

அறுவை முடிந்து இரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

அவர் மனைவி சாமான்களை வாங்க வந்தார். விமானத்தை நீட்டினேன். "அவரு கை வச்சது. எடுத்துக்கினு போங்க." அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "வூட்ல சின்னப் புள்ளைங்க கீதுங்க, அண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு மாதம் நான் விமானத்தைத் தொடவில்லை. காதில் ரீங்காரம் தொடங்கியதும் அப்போதுதான். எழுந்தால் தரை ஆடியது. உடம்பு சாயாமல் காக்கும் நிதானம் காதுக்குள்தான் இருக்கிறது, ஊசி மருந்து அதைக் கெடுக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். "நுரையீரல் ஆறுது. காதுல கொஞ்சம் போகுது. எது வேணும்?" மறுநாளும் ஊசிக்குத் திரும்பிப் படுத்தேன்.

தேசம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலும் பஸ்ஸும் மாறி வருவாள். வராந்தா பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள், வாயில் முந்தானை. சாப்பாட்டை நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். ஏழு மாதமாக அப்படித்தான்.

ஒரு ஞாயிறு விமானம் பெஞ்சில் இருந்தது.

"இது இன்னாத்துக்கு ஒரு பக்கம் மொட்டையா கீது?"

காசிம் பாய் கதையைச் சொன்னேன்.

"நீ முடியேன்" என்றாள்.

"கை நிக்கல. தலை சுத்துது. ஒருத்தர் புடிச்சாத்தான் ஆவும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நகர்ந்து பக்கத்தில் வந்தாள். விமானத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சளியில கிருமி இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நெசந்தானா?" என்றாள்.

"ரெண்டு மாசமா இல்ல."

"அப்ப போடு."

வட்டம் கோணலாகத்தான் வந்தது. பெயிண்ட் காயும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

பதினான்காம் மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். விமானத்தை வார்டிலேயே, காசிம் பாயின் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னலில் விட்டுவிட்டு வந்தேன். அப்போது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார்.

குழி ஆறிவிட்டது. நிதானம் திரும்பவில்லை. ஏணி ஏற முடியாததால் பட்டறையில் சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கால்கள் தம் பாட்டுக்கு நடக்கும். இப்போது ஒவ்வொரு அடியையும் கண் பார்த்துச் சொன்னால்தான் வைக்கின்றன. கடற்கரைச் சாலையில் பார்ப்பவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்று கேட்டால் இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பொழுது சாய்ந்ததும் தேசம்மாவும் நானும் மீன் வாங்கப் போவோம். வெளிச்சம் குறையக் குறைய எனக்குத் தரை தெரியாமல் போகும். அவள் பேசிக்கொண்டே தோளை என் பக்கம் கொஞ்சம் சாய்ப்பாள். நான் கையை வைத்துக்கொள்வேன். வீடு வரும்வரை அவள் வேகத்தைக் கூட்டுவதில்லை.