ட்ரெபிளைக் குறைக்கப் போன வீடுகள்

பாட்டு நன்றாகக் கேட்டால் பேரெல்லாம் பாடினவருக்கு, காதைக் குத்தினால் ஏச்செல்லாம் மெக்கானிக்குக்கு. ஸ்பீக்கர் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையை ஆட்டியிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் சால்டரிங் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கையில் இருந்த ஒரே வித்தையோடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். ஆசையாக ஆம்ப்ளிஃபையர் வாங்கி வைத்துவிட்டு, "சத்தம் தாங்க முடியல" என்று தவித்த வீடுகள் அப்போது ஏராளம். சைக்கிளில் ஒரு பெண் வந்து இறங்கினால், என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்க?" என்பார்கள். அதற்கும் பழகிக்கொண்டேன்.

நாலு ட்வீட்டர்

மேனாம்பேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர் ஏழுமலை. நான் போனபோது அவர் மனைவி, வெட்டின கரண்டு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பாட்டுப் பெட்டியின் ஒயர்தான். "இந்த ஊட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார். ஏழுமலை எதுவும் பேசாமல் என்னைப் பார்த்தார். தாலி கட்டினவரே வாயைத் திறக்காத இடத்தில் நான் எதைத் திறப்பது?

பெட்டியைத் திறந்தேன். மெல்லிய உச்ச ஒலிகளுக்கென்று இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் என்று பெயர். ஒன்று போதும். மனிதர் தன் கையாலேயே நாலு பொருத்தியிருந்தார். தடித்த ஒலிகளை உள்ளே விடாமல் தடுக்கிற கெப்பாசிட்டர் எதற்கும் இல்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, கீழே வெறும் சிமெண்ட் தரை. சத்தம் தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி இருந்ததில் ஆச்சரியமே இல்லை. மூன்றைக் கழற்றிவிட்டு, மிச்சம் இருந்ததற்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டேன். பெட்டியை ஸ்டூல் மேல் ஏற்றி, எதிர்ச் சுவரில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிடச் சொன்னேன். ஒயரை ஒட்டிப் பாட்டைப் போட்டேன். அந்த அம்மாள் வாசலை விட்டு நகராமல் முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு சொன்னார்: "இப்பத்தான் அவன் இன்னா பாடறான்னே புரியுது. பாட்டு சுமாராத்தான் கீது."

சீர்வரிசை ஸ்டீரியோ

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். திருநின்றவூரில் மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "நான் குடுத்த செட்டு டூப்ளிகேட்டுன்னு மாப்பிள்ளை வீட்டுல பேசறாங்கம்மா. பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். ரயிலில் வழியெல்லாம் பில்லை எடுத்து எடுத்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், பஞ்சாயத்து மாதிரி. செட்டைப் போட்டார்கள். பாஸ் என்கிற அடிச்சத்தமே இல்லாமல் வறவறவென்று கத்தியது. பின்பக்கம் குனிந்து பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. அப்படி மாட்டினால் ஒரு ஸ்பீக்கரின் அடிச்சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். அவ்வளவுதான் கோளாறு. "இதை யார் மாட்டினது?" என்று கேட்டபடி நிமிர்ந்தேன். மாப்பிள்ளையின் அண்ணன் முகம் வெளிறிப்போனது. 'டூப்ளிகேட்' என்று முதலில் சொன்னவரும் அவர்தானாம். புதுப்பெண் என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அவரை அங்கே தலைகுனிய வைத்தால், நான் போன பிறகு அனுபவிக்கப் போவது அவள்.

ஒயரை மாற்றினேன். கூடமே அதிர அடிச்சத்தம் வந்தது. "செட்டு ஒரிஜினல். வண்டில ஏத்தி இறக்கினதுல ஒயர் கழண்டு, இடம் மாறியிருக்கு" என்றேன். பெரியவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அந்த அண்ணன் தெருமுனை வரை என்னோடு வந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "சிவப்பு ஒயர எதுல சொருவணும்னு எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போக்கா."

மகாலிங்கம் அண்ணாச்சி

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த மகாலிங்கம் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பேக்டரியில் எஞ்சினை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற பிரிவில் பல வருஷ சர்வீஸ். அவர் மனைவியும் கல்லூரியில் படிக்கிற மகளும் காது கூசுகிறது என்றதால் முதல் தடவை ட்ரெபிளை, அதாவது அந்த உச்ச ஒலியை, குறைத்துக் கொடுத்தேன். மறுவாரமே அண்ணாச்சி கூப்பிட்டு, பாட்டுக்கு உயிரே இல்லை என்றார். மூன்றாவது தடவை நான் படியேறும்போதே கத்தினார். "நல்ல ட்வீட்டரக் கழத்திட்டு ஓட்டையப் போட்டுட்டியோ?"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. குவார்ட்டர்ஸில் திருடி என்று பெயர் வந்துவிட்டால், அதன்பின் எந்த வீட்டிலும் என்னை ஏற்ற மாட்டார்கள். பெட்டியின் முகப்பைக் கழற்றிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. "சரி அண்ணாச்சி, அது மட்டும் பாடட்டும், நீங்களே கேளுங்க" என்று பெரிய ஸ்பீக்கரின் இணைப்பை எடுத்துவிட்டு ட்வீட்டரை மட்டும் பாடவிட்டேன். ஊசி ஊசியாகச் சத்தம் சீறியது. அம்மாவும் மகளும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள்.

அண்ணாச்சி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடும்மா, ஏன் சும்மா நிக்க?" என்றார்.

ட்வீட்டர் பாடிக்கொண்டுதான் இருந்தது. அவர் திரும்பி, மகளின் கைகள் காதில் இருப்பதைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வருஷாந்திர மெடிக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. காது போனது தெரிந்தால் அந்தப் பிரிவில் வைத்திருக்க மாட்டார்கள் என்று மனைவி முணுமுணுத்தார். நான் இணைப்பை மறுபடி கொடுத்தேன். அவரே குமிழைப் பிடித்துக்கொண்டு, மகள் கை காட்டும் வரை குறைத்தார்.

சில மாதம் கழித்து ஆவடி மார்க்கெட்டில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். தானாகவே டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். இப்போது ஸ்டோர்ஸில் வேலை. செட்டு எப்படிப் பாடுகிறது என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "நல்லாப் பாடுதுன்னு வீட்டுல சொல்லுதாவ."

வெறும் சர்க்யூட்டை மட்டும் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தது என் தப்புதான்.