நெடுந்தீவில் ஒரு சதுர அலை

நெடுந்தீவில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்று மூன்று நாள். அதன் சர்க்கியூட்டைப் பார்க்க, மின் அலையைத் திரையில் காட்டும் ஒசிலஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினேன்.

சர்க்கியூட்டில் ஒசிலஸ்கோப்பின் ஒரு வயரை மாட்டினேன். திரையில் அழகான சதுர அலை.

"சிக்னல் வருது அக்கா, சர்க்கியூட் உயிரோட இருக்கு. இண்டைக்கே தண்ணி வரும்" என்றேன், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரிடம்.

அவர் போனில் ஊரையே கூப்பிட்டுவிட்டார். சற்று நேரத்தில் வாசலில் தண்ணீர்க் கான்களோடு வரிசை.

பிறகுதான் கவனித்தேன். திரையில் ஓடியது ஒசிலஸ்கோப்பின் இரண்டாவது வயரின் அலை. படகில் கருவியைச் சோதிக்க, அந்த வயரை அதன் சொந்தச் சோதனை முனையிலேயே கொழுவிவிட்டுக் கழற்ற மறந்திருந்தேன். இவ்வளவு நேரமும் ஒசிலஸ்கோப் தன்னையே அளந்திருக்கிறது.

சர்க்கியூட்டில் எங்கே தொட்டாலும் நேர்கோடு. சிப் செத்துவிட்டது. தீவில் வேறு இல்லை. கடைசிப் படகும் போய்விட்டது.

"பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா. இண்டைக்கு ஏலாது."

அவர் வரிசையைப் பார்த்தார். "நான் சொல்லுறன். நீர் வெளியில வராதையும்."

திரும்பி வந்து தேத்தண்ணி நீட்டினார். "மிச்சமிருந்த நல்ல தண்ணியிலதான் போட்டனான். குடியும்."

இன்னும் குடிக்க முடியவில்லை. ஆறிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பதிவின் கொமென்டில் திட்ட நினைப்பவர்கள் நாளைக் காலைப் படகில் அந்தச் சிப்பையும் கொண்டுவந்து நேரிலேயே திட்டலாம்.