மரித்தோர் பட்டியலில் மாமாவின் ஊர்

போன கிழமை நூலகக் கணினியில் கனடாவின் குடித்தொகை அட்டவணை ஒன்றை உருட்டிக்கொண்டு போனேன். மாமாவின் ஊருக்கு நேரே எண் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். இந்த ஊரின் வரலாற்றை நான்தான் எழுதவேண்டும் என்று அந்த நொடியே தோன்றிவிட்டது.

மாமா அங்கே இருந்த காலத்தில் எனக்குப் பத்து வயது. பிரித்தானியப் புறநகரான கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். அம்மாவின் தம்பி கனடாப் புல்வெளிக்குள் இருந்த நிலக்கரிச் சுரங்க ஊரொன்றுக்கு வேலைக்குப் போய், வீடும் வாங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓர் ஊரின் குடித்தொகையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பாரிஸ், நியூயோர்க் என்று எடுக்க, நான் மாமாவின் ஊரை எடுத்தேன். ஞாயிறு மாலைப் பூசை முடிய அவர் போன் எடுப்பார். நான் பாய்ந்து பறிப்பேன்.

"இந்தக் கிழமை எத்தினை பேர் போனவை, மாமா?"

முதலில் சுரங்கத்தை மூடினார்கள். பிறகு பள்ளிக்கூடம், பிறகு கடை. மாமா குடும்பம் குடும்பமாகச் சொல்லச் சொல்ல, என் வரைபடத்தில் கோடு அழகாக இறங்கியது. எனக்கு ஒரே சந்தோசம்.

"இஞ்ச வாவன்ரா!" என்று அம்மா என் பின்னால் நின்று மாமாவுக்குக் கேட்கக் கத்துவார்.

"இந்த வீட்டை ஆர் வாங்கிறது, அக்கா? ஊரே செத்துப்போச்சு."

நவம்பரில் மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்போம். பூசையில் ஃபாதர் வாசிப்பார். அம்மா சொல்ல எழுதுவது என் வேலை. தாத்தாவின் பெயருக்குக் கீழே, நானாகவே மாமாவின் ஊரையும் எழுதிவிட்டேன். ஆளின் பெயர் என்று நினைத்து ஃபாதர் ஒரே மூச்சில் வாசித்தார். கோயில் முழுக்க அந்த ஊருக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டியது.

"ஆரது, உங்கட வெள்ளைக்காரச் சொந்தமோ?" என்று வாசலில் வைத்து அத்தை அம்மாவின் மானத்தை வாங்கினார்.

போனில் இதைக் கேட்டு மாமாவும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"என்ர பேரையும் எழுதினனியோ, பிள்ளை?"

"இல்லை மாமா. நீங்கள் உயிரோடதானே இருக்கிறியள்."

"ஓம். நான் ஒராள்தான் மிச்சம்."

"அப்ப ஒண்டு எண்டு போடட்டோ?"

"போடு."

போட்டேன். வகுப்பில் நட்சத்திரம் கிடைத்தது. அந்த ஒன்றை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேராவது இருப்பார்கள் என்றுதான் அம்மா நினைத்திருந்தார்.

தை மாதத்தில் இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. பொலிஸ் போய்க் கதவை உடைத்தபோது வீட்டுக்குள்ளும் பனிக்குளிர். ஹீட்டர் எப்போது நின்றது என்று சொல்ல ஆளில்லை.

அடுத்த நவம்பரில் பட்டியலை அம்மாவே எழுதினார். என்னிடம் பேனையைத் தரவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது, வரலாறு எழுத, அந்த ஊர்க் கடைக்காரரின் மகளைத் தேடிப்பிடித்துவிட்டேன். நாளைக்குப் போன் எடுக்கப்போகிறேன். முதற்கேள்வியை எழுதிவைத்திருக்கிறேன்: நீங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, என் மாமா வாசலில் நின்றவரா?